வழி கேட்கும் தமிழா, எம்மொழியில் கேட்கின்றாய்?

நாளும் ஊர்தி ஓட்டுவார்க்கு எந்த வழிகாட்டிச் செயலி நல்லது என்னும் வினா இற்றை நாளில் எல்லாவிடத்தும் எழுகின்றது. ஆசிரியர் அறையிலும் தேநீர்க் கடையிலும் திருமணப் பந்தியிலும் இதனைக் கேட்கின்றோம். "கூகுளே போதும்" என்பார் ஒருவர். "வேய்சு நெரிசலை முந்திச் சொல்லும்" என்பார் மற்றொருவர். "என் கைப்பேசி ஆப்பிள், அதில் உள்ளதே எனக்கு" என்பார் மூன்றாமவர். "நம் நாட்டு மேப்பிள்சு இருக்க அயலவனுடையது எதற்கு?" என்பார் நான்காமவர். நால்வரும் அளப்பது மணித்துளிகளையே. எது ஐந்து மணித்துளி முன்னதாகக் கொண்டு சேர்க்கும் என்பதோடு அவர்தம் ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. அஃது எம்மொழியில் பேசுகின்றது? நம் ஊர்ப்பெயரை எவ்வாறு எழுதுகின்றது? இடர் உள்ள இடத்தை முன்கூட்டி உணர்த்துகின்றதா? இம்மூன்று வினாக்களையும் அந்நால்வருள் ஒருவரும் எழுப்பக் கேட்டதில்லை.

இவற்றை ஈண்டு எழுப்புகின்றோம். "வழி கேட்பதிலுமா மொழி?" என்று சிலர் முகஞ்சுளிப்பர்; சுளிக்கட்டும். ஓடும் ஊர்தியில் ஒரு சொல்லைப் பிழைபடக் கேட்டாலும், ஓர் ஊர்ப்பெயரைப் பிழைபடப் படித்தாலும் இழக்கப்படுவது மணித்துளி மட்டுமன்று. மொழிப்பற்றும் உயிர்ப்பற்றும் ஒன்றாய் நிற்கும் இடம் இது.

வழிகாட்டுதல் தமிழர்க்குப் புதிதோ?

வழிகாட்டுதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தெடுத்த இனம் நம்மினம். ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்தல் என்பது வழிப்படுத்தல். பத்துப்பாட்டுள் சரிபாதியாகிய ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தனவே. அவற்றுள் மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்றது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுகின்ற அந்நூல், "இப்படிப் போ, அப்படித் திரும்பு" என்பதோடு நின்றுவிடவில்லை. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் கிடக்கும் இடம், பாம்பு உறையும் குழிகள், கால் வழுக்கும் நிலம், புனங்காப்போர் எறியும் கவண்கல் பாயும் பக்கம் ஆகிய அனைத்தையும் முன்கூட்டிச் சொல்லி, எங்குத் தங்கலாம், யார் சோறிட்டுப் பேணுவர் என்பதையும் சொல்கின்றது.

அந்நூலினின்று நல்ல வழிகாட்டிக்கு மூன்று இலக்கணம் கொள்ளலாம். ஒன்று, கேட்பவன் மொழியில் கூறல். இரண்டு, இடத்தை அதன் உண்மைப் பெயரால் கூறல். மூன்று, அண்மையை மட்டுமன்றி ஏதத்தையும் கூறல். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டின் முன் பாணனும் கூத்தனும் நிறைவேற்றிய இவ்விலக்கணத்தை, இன்று கையிலுள்ள கருவி நிறைவேற்றுகின்றதா என்று பார்ப்பதே முறை.

இவர்கள் யாவர்?

அளக்குமுன் அளக்கப்படுவாரை அறிதல் வேண்டும். கூகுளின் நிலப்படம் 2005இல் வெளிவந்தது. வேய்சு இசுரேலில் தோன்றியது. ஓட்டுநர் தாமே தரும் செய்திகளைத் திரட்டி நெரிசலும் தடையும் உரைப்பது. அதனைக் கூகுள் 2013இல் விலைக்கு வாங்கிவிட்டது. ஆகலின், "கூகுளை விட்டு வேய்சுக்கு மாறினேன்" என்று பெருமை பேசுவார், கடையை மாற்றினரேயன்றிக் கடைக்காரனை மாற்றினரல்லர். ஆப்பிள் தன் நிலப்படத்தை 2012 செபுதம்பரில் வெளியிட்டது. அதில் மலிந்திருந்த பிழைகளுக்காக அதே திங்களில் அந்நிறுவனத் தலைவர் உலகறிய வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. பெருஞ்செல்வம் உடைமையால் மட்டும் நிலப்படம் செம்மையாகிவிடாது என்பதற்கு அது சான்று.

மேப்பிள்சு என்பது 1995இல் தில்லியில் தொடங்கப்பட்ட மேப் மை இந்தியா நிறுவனத்தினது. கூகுளின் படம் பிறக்குமுன்பே நிலப்படத் தொழிலில் இறங்கியவர் அவர். உழைப்பைப் போற்றுவோம். ஆயினும், தில்லியினது என்பதனாலேயே அது நமதாகிவிடாது. அமெரிக்கனை எந்த அளவுகோலால் அளக்கின்றோமோ அதே அளவுகோலால்தான் தில்லியையும் அளத்தல் வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதனை அறிந்தார் சிலரே. ஓப்பன் சுட்ரீட் மேப் எனப்படும் திறந்த தெருப்படம் அது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்டது. எந்த வணிகனுக்கும் உடைமையன்று. உலகெங்கணும் உள்ள தன்னார்வலர் தம் ஊர்த் தெருவையும் குளத்தையும் கோயிலையும் தாமே வரைந்து சேர்ப்பது. உரிய உரிம நெறிக்குட்பட்டு எவரும் எடுத்தாளத் தக்கது. அதனை அடிப்படையாகக் கொண்டு இயங்கும் ஆர்கானிக் மேப்சு, ஓசுமாண்டு முதலிய செயலிகள் விலையின்றிக் கிடைக்கின்றன.

இவை அனைத்திற்கும் இருப்பிடம் உணர்த்துவன வானிலுள்ள செயற்கைக்கோள்களே. அமெரிக்க அரசின் கோள்கள் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு குறிப்பலைகளை விடுக்கின்றன. கைப்பேசி அவற்றைக் கேட்டுத் தன் இடத்தைக் கணிக்கின்றது. இதற்கு இணையம் வேண்டுவதில்லை. இணையம் வேண்டுவது நிலப்படத்தைப் பெறுதற்கும் நெரிசலை அறிதற்குமே. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

முதல் அளவுகோல்: செவி

ஓட்டுநரின் கண் சாலைக்கு உரியது. திரைக்கு உரியதன்று. 2020 அகுத்தோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த நடுவண் ஊர்தி விதித் திருத்தம், ஓட்டுங்கால் கையடக்கக் கருவியை வழியறிதற்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்றும், அதுவும் ஓட்டுநரின் கவனத்தைக் குலைக்காத வகையில் அமைதல் வேண்டும் என்றும் கூறுகின்றது. கண் சாலையில் நிலைத்திருக்க வேண்டுமாயின், வழியைச் செவிதான் பெறுதல் வேண்டும். செவி பெறுவது எண்ணிப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டாத மொழியாயிருத்தல் வேண்டும். அது தாய்மொழியன்றி வேறு எது?

"சற்றே இடப்புறம் சாய்க" என்பதற்கும் "இடப்புறம் திரும்புக" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் கேட்பவன் கேட்ட நொடியே உணர்வான். அரைகுறையாய்க் கற்ற ஆங்கிலத்தில் கேட்பவனோ, ஐயுற்றுத் திரையைப் பார்ப்பான். அப்பார்வை நிலைக்கும் இரண்டு நொடியில், மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் செல்லும் ஊர்தி 33 மீட்டர் தொலைவைக் கடந்துவிடும். அந்த 33 மீட்டருக்குள் பள்ளி விட்டு வரும் குழந்தை குறுக்கிடாது என்று எவரால் உறுதி கூற முடியும்? சரக்குந்து ஓட்டும் எளியவர்க்கும், தானி ஓட்டி நாட்கூலி ஈட்டுவார்க்கும், வீடு வீடாய் உணவு சுமந்து ஈருருளியில் விரையும் இளைஞர்க்கும் இது மொழியழகு பற்றிய வினாவன்று. உயிர் பற்றிய வினா.

இனி, நெஞ்சு சுடும் உண்மையொன்றைக் கூறுவோம். கூகுள் தன் வழிகாட்டுங் குரலை 2018ஆம் ஆண்டிலேயே தமிழிலும் அமைத்துத் தந்துவிட்டது. தந்ததை எடுத்துக்கொள்ளாதவன் யார்? தமிழன்! "எமக்குத் தமிழ் இல்லையே" என்று அயலவன்மீது பழிபோட இங்கு இடமில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்து, மொழி என்னுமிடத்தில் தமிழைத் தொடுதற்கு ஒரு மணித்துளி ஆகாது. காலைமுதல் மாலைவரை தமிழ் கற்பித்து ஊதியம் பெறும் ஆசிரியர் சிலரின் மகிழுந்திலும் ஆங்கிலக் குரலே ஆட்சி செலுத்துவதை நேரிற் கண்டிருக்கின்றேன். மேடையில் "தமிழுக்கு உயிரையும் கொடுப்பேன்" என முழங்குவார்க்கு ஒரு விரல் தொடுதலைக் கொடுக்க மனமில்லை!

"அதன் தமிழ் நன்றாயில்லை, பொறி பேசுவதுபோல் இருக்கின்றது, ழகரம் சிதைகின்றது" என்பர். உண்மையே. அதன் தொடரமைப்பும் ஒலிப்பும் இன்னும் செப்பமுறல் வேண்டும். ஆயின், பயன்படுத்துவார் இல்லாத ஒன்றை எந்த வணிகன் செப்பம் செய்வான்? கேட்பார் பெருகினால் குறைகூறுவார் பெருகுவர். குறைகூறுவார் பெருகினால் திருத்தம் வரும். கேட்பாரே இல்லையெனின், "தமிழர்க்குத் தமிழ் தேவையில்லை போலும்" என்று அவன் கணக்கெழுதிக்கொள்வான். அக்கணக்கு எழுதப்படக் கரணியம் நாமே. "தமிழ்ச் சொல் விளங்காது" என்பாரும் உளர். இடம், வலம், நேர், திரும்பு ஆகிய இச்சொற்களில் விளங்காதது எது? ஏர் பூட்டிய உழவனின் மாட்டுக்கும் இடமும் வலமும் விளங்கினவே!

இரண்டாம் அளவுகோல்: ஊர்ப்பெயர்

1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் இலாம்டன் என்னும் ஆங்கிலப் படைத்துறையாளர் அடிக்கோடு அளந்து தொடங்கியதே இந்தியப் பெருமுக்கோண அளவீடு. அறிவியல் நோக்கில் அது பெரும்பணி, மறுப்பாரில்லை. ஆயின் நிலத்தை அளந்து படம் வரைந்து ஆண்டவர் தம் நாவுக்கேற்ப ஊர்ப்பெயர்களையும் திரித்தனர். தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆயிற்று. திருவல்லிக்கேணி 'டிரிப்ளிக்கேன்' ஆயிற்று. எழும்பூர் 'எக்மோர்' ஆயிற்று. தரங்கம்பாடி 'டிராங்குவிபார்' ஆயிற்று. ஆண்டவர் போய்விட்டனர், அவர் எழுதிவைத்த எழுத்துக்கூட்டு போகவில்லை.

இன்றைய நிலப்படத்தில் நேர்வது அதனினும் நுட்பமான கேடு. தமிழில் பிறந்த ஊர்ப்பெயர் முதலில் உரோமன் எழுத்துக்குப் போகின்றது. பின்னர் அங்கிருந்து பொறியால் மீண்டும் தமிழெழுத்துக்குப் பெயர்க்கப்படுகின்றது. கடை, பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களின் பெயர்களை இவ்வாறு ஆங்கில எழுத்தினின்று பத்து இந்திய மொழிகளுக்குப் பொறிவழிப் பெயர்க்கும் முறையைக் கூகுள் 2021 சனவரியில் அறிவித்தது. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. எண்ணிப் பாருங்கள்: லகரம், ளகரம், சிலவிடத்து ழகரம் ஆகிய மூன்றுக்கும் அங்கே 'எல்' என்னும் ஓரெழுத்து. நகரம், னகரம், ணகரம் மூன்றுக்கும் 'என்' என்னும் ஓரெழுத்து. ரகர றகரங்களுக்கு ஓரெழுத்து. குறிலா நெடிலா என்பதற்குப் பெரும்பாலும் குறியே இல்லை. அதனின்று மீளும் பெயர் எங்ஙனம் மெய்ப்பெயராகும்? பழனி 'பலனி'யாகும், மேலூர் 'மெலுர்' ஆகும். வீட்டைவிட்டு வெளியே போன பிள்ளை, அயலான் சட்டை அணிந்து, தன் தாயையே அடையாளம் தெரியாமல் வந்து நிற்பது போன்ற நிலை இது.

"பெயர் எப்படியிருந்தால் என்ன, போய்ச் சேர்ந்தால் போதாதா?" என்பார்க்கு ஒன்று சொல்வோம். போய்ச் சேர்வதற்கே பெயர் வேண்டும். நீலகிரியில் ஒரு கூடலூர்; தேனி மாவட்டத்தில் ஒரு கூடலூர்; கடற்கரையில் கடலூர். வடக்கே 2019இல் தனி மாவட்டமாகிய திருப்பத்தூர் ஒன்று. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் மற்றொன்று. பின்னதன் தேவாரக் காலப் பெயர் திருப்புத்தூர். அப்பெயரைப் பேணியிருந்தால் இரண்டிற்கும் வேறுபாடு எழுத்திலேயே விளங்கியிருக்கும். பெயரைச் சிதைத்தமையால் வழியும் சிதைகின்றது. இத்தகைய ஊர்களுக்குச் செல்வோர் செயலியில் மாவட்டப் பெயரையும் சேர்த்து எழுதுதலே பிழைபடாமைக்கு வழி.

நம் அரசு என் செய்தது? 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றும் ஆணை 2020 சூனில் வெளிவந்தது. சில எழுத்துக்கூட்டுகள் செம்மையில்லை என்று குறை எழுந்தது. குறையைத் திருத்துவதற்கு மாறாக, ஆணையே அதே திங்களில் திரும்பப் பெறப்பட்டது. தாள் ஒன்றில் சில கணக்குகள் பிழைபட்டன என்பதற்காகத் தேர்வையே கைவிடும் மாணாக்கனை நாம் பாராட்டுவோமா? பிழையைத் திருத்தி மறுபடியும் எழுது என்றன்றோ சொல்வோம்!

மூன்றாம் அளவுகோல்: ஏதம்

செயலி குறுகிய வழியைத் தேடும். அவ்வழி நல்வழியா என்பதை அது எப்போதும் அறியாது. 2024 நவம்பர் 24 அன்று உத்தரப்பிரதேசத்துப் பரேலி அருகே, வழிகாட்டிச் செயலியைப் பின்பற்றி வந்ததாகக் கூறப்பட்ட மகிழுந்து ஒன்று, வெள்ளத்தால் முன்பே ஒரு பகுதி இடிந்துபோன பாலத்தினின்று இராமகங்கை ஆற்றில் வீழ்ந்தது. மூவர் மாண்டனர். பாலம் இடிந்த செய்தி நிலப்படத்தில் ஏறவில்லை. தடுப்பு வைக்க வேண்டிய அலுவலரும் முறையாக வைக்கவில்லை. அதே 2024 சனவரியில், நம் நீலகிரிக் கூடலூரில், விரைவான வழி என்று செயலி காட்டியதை நம்பிய சுற்றுலாக் குழுவின் மகிழுந்து படிக்கட்டில் இறங்கி நின்றது. காவலரும் ஊராரும் கூடி அதனை மீட்டனர். பொறி ஏமாற்றிய இடத்தில் மாந்தன் கைகொடுத்தான்.

மலைநாட்டில் இது மேலும் கருதத்தக்கது. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள். உதகையினின்று மசினகுடிக்குக் கல்லட்டி வழியே இறங்கும் செங்குத்துச் சாலையில் 36 வளைவுகள். குறுகிய தொலைவு என்பதொன்றையே கருதி, மலைச்சாலைப் பழக்கமில்லாதார் அங்கு இறங்குதல் அறிவுடைமையன்று. அலைத்தொடர்பு அறுந்துபோகும் இடங்களும் மலையில் பல. முன்னரே நிலப்படத்தை இறக்கி வைத்திருப்பவனுக்கு வழி அறுவதில்லை. இருப்பிடம் அறிய இணையம் வேண்டா என்று மேலே கூறியது இதற்கே. கூகுளிலும் இவ்வாறு இறக்கி வைக்கலாம். திறந்த தெருப்படச் செயலிகளோ இம்முறையிலேயே இயல்பாக இயங்குவன.

எதைத்தான் தேர்வது?

நடுநிலை பிறழாமல் கூறுவோம். மூன்று அளவுகோலிலும் முழுதும் தேறிய செயலி ஒன்றுமில்லை. நகர நெரிசலை அறிவதில் கூகுள் வலிமையுடையது. எண்ணிறந்த கைப்பேசிகள் எவ்விடத்து எவ்விரைவில் நகர்கின்றன என்பதைக் கொண்டே அது நெரிசலைக் கணிக்கின்றது. அதாவது, நீ அதனிடம் வழி கேட்கும்போதே அது உன்னிடம் செய்தி பெறுகின்றது. விலையில்லாமல் தருகின்றான் என்று எண்ணாதே. உன் நடமாட்டமே விலை. இதனை அறிந்து, போன இடங்களைச் சேர்த்துவைக்கும் பதிவை நிறுத்திவைத்துப் பயன்படுத்துதல் குற்றமாகாது. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் நாளும் பணிக்குச் செல்வார் கூகுளைக் கொள்க. ஆனால் தமிழ்க் குரலில் கொள்க. வேறு செயலியை விரும்புவார், அதன் அமைப்புப் பக்கத்தில் தமிழ்க் குரல் உண்டா என்று முதற்கண் பார்க்க. இல்லையெனின் அதனை நாளும் ஓட்டுதற்கு வைத்துக்கொள்ள வேண்டா. தமிழ் தர மறுப்பவனுக்குத் தமிழன் தன் கையை ஏன் தருதல் வேண்டும்?

சிற்றூர்ப் பயணத்துக்கும் மலைப் பயணத்துக்கும் திறந்த தெருப்படச் செயலி ஒன்றைத் துணையாக வைத்திருங்கள். அதனைப் பயன்படுத்துவதோடு நில்லாமல் திருத்துங்கள். ஊர்ப்பெயரின் தமிழ் வடிவத்துக்கென அதில் தனியிடமே உண்டு. கணக்கொன்று தொடங்கி, உங்கள் ஊரின் பெயர், தெரு, ஏரி, பள்ளி ஆகியவற்றைச் செந்தமிழில் நீங்களே எழுதலாம். கூகுளிலும் திருத்தம் பரிந்துரைக்கலாம். ஆயின் ஏற்பதும் தள்ளுவதும் அவர் முடிவு. திறந்த தெருப்படத்தில் எழுதும் கை நம் கை. ஒவ்வொரு பள்ளியிலும் தமிழாசிரியர் பத்து மாணாக்கரைக் கூட்டித் தம் ஊரைச் சுற்றிவந்து பெயர்களைப் பதிந்தால், இலாம்டன் சங்கிலி பிடித்து அளந்த நிலத்தில் நம் பெயர்களை நாமே மீட்டவராவோம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். வேண்டுகோள் அன்று, உரிமைக் குரல். நாடு முழுமைக்குமான ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தமிழறிஞரும் அந்தந்த ஊராரும் கூடிச் செம்மை செய்து, தமிழிலும் உரோமன் எழுத்திலும், எந்தச் செயலியும் எடுத்தாளும் வகையில் வெளியிடுக. கைவிட்ட ஆணையைப் பிழைநீக்கி மீண்டும் கொணர்க.

இறுதியாக ஒன்று. கவை வழியில் ஐயம் எழுந்தால் ஊர்தியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்கி, அங்கு நிற்கும் ஆடு மேய்க்கும் பெரியவரையோ பூக்கட்டும் அம்மாவையோ வினவுங்கள். பாலம் உடைந்ததும் பாறை சரிந்ததும் வானிலுள்ள கோளுக்குத் தெரியாது, அவர்க்குத் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை.

தமிழுறவீர்! இவ்விதழைப் படித்து முடித்ததும் கைப்பேசியை எடுங்கள்; செயலியைத் திறந்து மொழியைத் தமிழாக்குங்கள்; உங்கள் ஊர்ப்பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளதெனப் பாருங்கள்; பிழையிருப்பின் திருத்துங்கள். நாளைக் காலை உங்கள் ஊர்தியில் ஒலிக்கும் முதற்குரல் தமிழ்க்குரலாக இருக்கட்டும்!